ஆர்எம் கொடுத்த ஃபைல் திரும்ப வருமா? லினக்ஸ் கேள்வி பதில்

காட்பாடி மாணவர்: அண்ணா, டெர்மினலில் ஆர்எம் (rm) என்ற அழிக்கும் கட்டளையை அடித்ததில் புராஜெக்ட் ஃபோல்டரே போய்விட்டது. டிராஷிலும் இல்லை. ஹார்ட் டிஸ்க் மெஷின். கிடைக்குமா?

பதில்: தம்பி, முதலில் அந்த மெஷினை அணைத்துவிடுங்கள், மீட்கும் மென்பொருளைக்கூட அதில் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். ஆர்எம் எதையும் டிராஷுக்கு அனுப்பாது. பெயரையும் இடக்குறிப்பையும் எடுத்துவிடும், தகவல் டிஸ்கில் அப்படியே கிடக்கும். ஆனால் அந்த இடம் காலி என்று சிஸ்டம் எடுத்துக்கொள்வதால் அடுத்து எழுதப்படும் எதுவும், பிரவுசர் கேஷ் உட்பட, அதன் மேலேயே விழலாம். பென் டிரைவில் லைவ் லினக்ஸ் (இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் லினக்ஸ்) போட்டு பூட் செய்து, டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற நகலெடுக்கும் கருவியை வைத்து முழு டிஸ்கையும் வேறொரு டிஸ்கில் நகலெடுங்கள், அப்புறம் அந்த நகலில் போட்டோரெக் (PhotoRec) என்ற மீட்கும் மென்பொருளை ஓட்டுங்கள். அது உள்ளடக்கத்தைப் பார்த்துத் தேடும், அதனால் பழைய ஃபைல் பெயர்கள் வராது, நீங்களே திறந்து பார்த்துப் பிரிக்க வேண்டும். கிட் (Git) மூலம் வேறு சர்வருக்குப் புஷ் செய்து, அதாவது ஏற்றி வைத்திருந்தால் இவ்வளவும் தேவையில்லை, அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

குடியாத்தம் ஸ்டூடியோக்காரர்: கல்யாண போட்டோ கார்டைத் தவறுதலாக ஃபார்மேட் செய்துவிட்டோம் சார்.

பதில்: அந்தக் கார்டில் இனி ஒரு படம்கூட எடுக்காதீர்கள். போட்டோரெக் இதற்கும் சரியானது, இலவசம்தான். மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்கக் கூடாது, கம்ப்யூட்டரில் போடுங்கள்.

ஆற்காடு, சர்வர் பார்ப்பவர்: ஓடிக்கொண்டிருந்த புரோகிராமின் லாக் ஃபைலை அழித்தேன். இடமும் காலியாகவில்லை, லாகும் வேண்டும்.

பதில்: புரோகிராமை நிறுத்திவிடாதீர்கள்! அது ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் வரை லினக்ஸ் உண்மையில் அழிக்காது, இடம் காலியாகாததும் அதனால்தான். அழித்தும் திறந்தே இருக்கும் ஃபைல்களைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப் +எல்1 (lsof +L1) கொடுத்தால் புராசஸ் எண்ணும் ஃபைல் எண்ணும் தெரியும், /proc/புராசஸ் எண்/fd/ஃபைல் எண் என்ற பாதையிலிருந்து சிபி (cp) என்ற நகலெடுக்கும் கட்டளையைக் கொடுத்து வேறொரு டிஸ்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட் செய்தால் லாக் போய்விடும்.

ராணிப்பேட்டை, தோல் கம்பெனி கணக்கர்: எங்களுடையது எஸ்எஸ்டி. இதெல்லாம் நடக்குமா?

பதில்: வாய்ப்பு ரொம்பக் குறைவு சார். டிரிம் ஓடிவிட்டால் அழித்த இடங்களை டிரைவே துடைத்துவிடும், உபுண்டுவில் அது வாரம் ஒருமுறை தானாகவே ஓடும். கணக்கு ஃபைல்களுக்குத் தனி டிஸ்கில் பேக்கப் ஒன்றுதான் வழி. பழைய லேப்டாப்பை விற்கும்போது ஃபைல் மேல் திரும்பத் திரும்ப எழுதி அழிக்கும் ஷ்ரெட் (shred) கட்டளை போதும் என்றும் நம்பாதீர்கள், எஸ்எஸ்டி புதிய தகவலை வேறு இடத்தில் எழுதும், பழையது உள்ளே தங்கிவிடலாம். டிரைவிலேயே இருக்கும் முழுதாக அழிக்கும் வசதியான செக்யூர் இரேஸைப் பயன்படுத்துங்கள்.

ஆம்பூர் மாணவி: அழிக்கும் முன்பு என்ன பார்க்க வேண்டும் அண்ணா?

பதில்: அழிக்கக் கொடுக்கப்போகும் அதே பேட்டர்னை, ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் (ls) கட்டளையில் கொடுத்து என்ன வருகிறது என்று பாரும்மா, சரி என்றால் மட்டும் ஆர்எம். ஃபைல் தேடும் ஃபைண்ட் (find) கட்டளையில் டிலீட் (-delete) எப்போதும் கடைசியில்தான் வர வேண்டும், முன்னால் வந்தால் பெயரைச் சோதிக்காமலே உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிடும். டிராஷ்-சிஎல்ஐ (trash-cli) என்ற மென்பொருளைப் போட்டு, ஃபைலை டிராஷுக்கு அனுப்பும் அதன் டிராஷ்-புட் (trash-put) கட்டளையைப் பழகிக்கொள். ஆனால் ஆர்எம் என்ற பெயரிலேயே அதற்கு ஏலியஸ் (மாற்றுப்பெயர்) வைக்காதே. அந்த ஏலியஸ் இல்லாத காலேஜ் சர்வரில் கை அதே பழக்கத்தில் ஆர்எம் அடித்துவிடும், ஃபைல் டிராஷுக்குப் போகாமல் அழிந்துவிடும்.