கேமரா ஆய்வுக்குப் பயிற்சி தர எங்களையே படம் பிரிக்கச் சொல்கிறார்கள். உதவலாமா, ஒதுங்கிவிடலாமா?

உங்கள் பிரிவில் கண்ணால் பார்த்துத் தரம் பிரிக்கும் இடத்தில் கேமராவும் செயற்கை நுண்ணறிவும் வரப்போகின்றன, அதற்கு நல்ல பாகம் எது, கெட்ட பாகம் எது என்று படங்களைப் பிரித்துத் தரும் வேலையை ஆய்வாளர்களான உங்களிடமே கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே, "நம் குழியை நாமே வெட்டுவதா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே இடத்தில் நின்றவன். அன்று ஒதுங்கினேன். அது தவறு. ஏன் என்பதை விரிவாகச் சொல்கிறேன்.

பத்தொன்பது ஆண்டுகளாக அலுமினிய வார்ப்புப் பாகங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ரப்பர் வளையம் அமரும் முகத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளையோ, குறுக்கே ஓடும் மெல்லிய கீறலோ இருந்தால் போதும், எண்ணெய் கசியும். பாகத்தைக் கையில் எடுத்து, விளக்கின் கீழ் இப்படியும் அப்படியும் சாய்ப்போம். சந்தேகம் வந்தால் நகத்தால் வருடுவோம். நகம் மாட்டினால் அது கீறல், வழுக்கிப் போனால் வெறும் தடம். இதெல்லாம் எந்த வரைபடத்திலும் எழுதியிருக்காது.

கேமராவை நிறுவ வந்த பொறியாளர்கள் இளைஞர்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள். இரண்டாயிரம் படங்களைக் கொடுத்து, நல்லது, கெட்டது என்று குறிக்கச் சொன்னார்கள். எங்களுக்குள் கசப்பு இருந்தது. ஆளுக்கு ஒரு கணினியில் உட்கார்ந்து கடமைக்குக் குறித்தோம். சந்தேகமானதை ஒருவர் கெட்டது என்றார், இன்னொருவர் நல்லது என்றார். பாகத்தைச் சாய்த்துப் பார்ப்பதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கேட்கவில்லை, சொல்லவில்லை என்பது எங்கள் நியாயம்.

முதல் அறிக்கையில் 99 சதவீதத்துக்கு மேல் துல்லியம் என்று வந்தது. இந்த எண்ணை உங்களிடமும் காட்டுவார்கள், அதனால் கொஞ்சம் நின்று பாருங்கள். ஆயிரம் பாகங்களில் ஐந்துதான் கெட்டவை என்று வைத்துக்கொள்வோம். எதையுமே பார்க்காமல் ஆயிரத்தையும் நல்லது என்று சொல்லும் இயந்திரத்துக்குக்கூடத் துல்லியம் 99.5 சதவீதம்! கேட்க வேண்டியவை வேறு இரண்டு எண்கள்: கெட்டவற்றில் எத்தனையைத் தவறவிட்டது, நல்லவற்றில் எத்தனையைத் தள்ளியது. அன்று அந்த அறையில் இதைக் கேட்டவர் யாரும் இல்லை. கேட்டிருக்கக்கூடிய நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

வரிசை ஓடத் தொடங்கியதும், முகத்தில் ஒட்டியிருந்த கூலன்ட் (எந்திரத்தில் பாகத்தைக் குளிர்விக்கும் திரவம்) துளியைக் கேமரா வார்ப்புத் துளை என்று தள்ளியது. உண்மையான கீறலை விட்டுவிட்டது. சில வாரங்களில் வாடிக்கையாளரிடமிருந்து கசிவுப் புகார் வந்தது. அந்தத் தொகுதி முழுவதையும் மூன்று இரவுகள் கையால் மறுபடி பிரித்தோம். "பார்த்தீர்களா, இயந்திரம் தோற்றது" என்று சிலர் மகிழ்ந்தார்கள். என்னால் மகிழ முடியவில்லை. கசிந்தது எங்கள் பாகம்.

அதற்குப் பிறகுதான் மேலாளரிடம் ஒரு சோதனை கேட்டேன். இருநூறு பாகங்கள், மூன்று ஆய்வாளர்கள், ஒருவர் முடிவை மற்றவர் பார்க்கக்கூடாது. முப்பத்தொரு பாகங்களில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபட்டது. ஒரு வாரம் கழித்து அதே பாகங்களை வரிசை மாற்றி வைத்தபோது, ஒன்பது இடங்களில் நான் என் முடிவுக்கே மாறாகச் சொல்லியிருந்தேன். பத்தொன்பது ஆண்டு அனுபவம்! அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இது நான் கண்டுபிடித்த சோதனையும் இல்லை. அளவுக் கருவியை நம்புவதற்கு முன் அதையே சோதிக்க வேண்டும் என்பது தரக் கட்டுப்பாட்டில் பழைய பாடம். எங்கள் கண்ணும் ஒரு கருவிதான் என்பதை மறந்திருந்தோம். எங்களிடம் இருந்த குழப்பத்தைத்தான் அந்த இயந்திரம் படித்திருக்கிறது.

பிறகு பொறியாளர்களை ஆய்வு மேசைக்கே அழைத்து வந்து, பாகத்தைச் சாய்த்துக் காட்டினேன். அவர்கள் உடனே புரிந்துகொண்டார்கள். அதுவரை விளக்கு மேலிருந்து சீராகப் பரவியது. அப்படிப்பட்ட ஒளியில் கீறல் தன் சுற்றுப்புறத்தோடு கலந்து மறைந்துவிடும். பக்கவாட்டில் தாழ்வாக வரும் ஒளி, வழவழப்பான முகத்தில் பட்டு வேறு திசையில் போய்விடும்; கீறலின் விளிம்பில் பட்ட ஒளி மட்டும் சிதறிக் கேமராவுக்குள் வரும். இருட்டில் வெள்ளைக் கோடு போலத் தெரியும். நான்கு பக்கமும் தாழ்வாக நான்கு விளக்குகளை வைத்து, ஒவ்வொன்றாக எரியவிட்டு நான்கு படங்கள் எடுத்தார்கள். என் மணிக்கட்டு செய்த வேலையை அந்த நான்கு விளக்குகள் செய்தன. கேமராவுக்கு முன்னால் காற்று ஊதும் குழாய் ஒன்றைச் சேர்த்ததும் கூலன்ட் தொல்லை தீர்ந்தது. மென்பொருளில் அதுவரை ஒரு வரிகூட மாற்றவில்லை. எல்லைக்கோட்டில் இருந்த பாகங்களை மூவரும் கூடி விவாதித்து முடிவுகட்டி, புதிய படங்களை மறுபடி குறித்துக் கொடுத்தோம். அதற்குப் பிறகுதான் செயற்கை நுண்ணறிவுக்கு அந்தப் படங்களைக்கொண்டு மறுபடி பயிற்சி கொடுத்தார்கள்.

"இப்போது நல்ல பாகங்களை மட்டும் காட்டினால் போதும், மாறுபட்டதைத் தானே பிடிக்கும் முறைகள் இருக்கின்றன" என்று துறை அறிந்தவர்கள் கீழே எழுதுவார்கள். இருக்கின்றன, நானும் பார்த்திருக்கிறேன். அந்த முறை ஒவ்வொரு பாகத்துக்கும் எவ்வளவு மாறுபட்டது என்று ஒரு மதிப்பெண் தரும். எந்த மதிப்பெண்ணில் கோடு போடுவது? கசியும் கீறலையும் கசியாத தடத்தையும் அறிந்தவர்தான் அந்தக் கோட்டைப் போட முடியும்.

யாருக்கும் வேலை போகாது என்றும் நான் சொல்லவில்லை. எங்கள் ஷிஃப்டில் எட்டு ஆய்வாளர்கள் இருந்தோம், இப்போது மூவர். மற்றவர்களில் பலர் வேறு பிரிவுகளுக்குப் போனார்கள், ஒருவர் விலகிவிட்டார். அவரை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. ஆனால் 1961ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் யூனிமேட் என்ற முதல் தொழிற்சாலை ரோபோ வந்தபோது அது செய்தது, அச்சிலிருந்து கொதிக்கக் கொதிக்க வார்ப்புகளை எடுத்து வைக்கும் வேலை. வார்ப்பு அச்சின் முன்னால் ஒரு முழு ஷிஃப்ட் நின்றவர்கள் அந்த வேலையைத் திரும்பக் கேட்கமாட்டார்கள். எட்டு மணி நேரம் பளபளக்கும் உலோகத்தையே வெறித்துப் பார்க்கும் வேலையையும் என் மகனுக்கு நான் விரும்பமாட்டேன்.

கேள்விக்கு நேரடித் தொடர்பில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் நிற்கிறது. இப்படிப்பட்ட திட்டக் கூட்டங்கள் எல்லாம் பகலில்தான் நடக்கின்றன. இரவு ஷிஃப்ட் முடித்து வருபவர் கண் எரிய நிற்க வேண்டும், இல்லையென்றால் அவர் குரல் இல்லாமலே முடிவெடுப்பார்கள். எங்கள் டேப்லெட்டில் குறைகளைப் பதிய ஒரு பட்டியல் இருக்கிறது. இரவில் அடிக்கடி வரும், அச்சு சூடேறும் முன் வார்த்த பாகங்களின் மடிப்புக் குறைக்கு அதில் இடமே இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லி இரண்டு ஆண்டுகளாகக் கேட்கிறேன். இரவு ஆட்கள் எல்லாவற்றையும் "இதர" என்று பதிகிறார்கள். அந்தத் தரவைக்கொண்டு என்ன நுண்ணறிவை வளர்க்கப்போகிறார்கள்?

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உதவுங்கள், ஆனால் நிபந்தனையோடு. படத்தை மட்டும் பார்த்துக் குறிக்க மாட்டோம், பாகத்தையும் கையில் கொடுங்கள் என்று கேளுங்கள். சந்தேகமானதற்கு மூன்றாவதாக ஒரு பிரிவு கேளுங்கள். எல்லைக்கோட்டில் இருக்கும் பாகங்களைத் தூக்கி எறிய விடாதீர்கள். எங்களிடம் அப்படி நாற்பது பாகங்கள் பூட்டிய அலமாரியில் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஆய்வாளர்கள் மூவரின் கையெழுத்துச் சீட்டு. ஒவ்வொரு திங்கட்கிழமையும், முதல் ஷிஃப்ட் தொடங்கும் முன், அந்த நாற்பதையும் கேமராவுக்குக் காட்டுகிறோம். ஒன்றைத் தவறாகச் சொன்னாலும் கேமராவை நிறுத்திவிட்டு, காரணம் தெரியும்வரை கையால் பார்க்கிறோம். நிறுத்தும் அதிகாரம் எங்களுக்கு எழுத்தில் இருக்கிறது. சென்ற மாதம் ஒரு விளக்கு மங்கியிருந்ததை அப்படித்தான் பிடித்தோம்.