விபத்துக்குப் பின் அழியும் சான்றுகள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பணியிடத்தில் வழுக்கி விழுந்ததில் எனக்கு முதுகெலும்பில் அடிபட்டது. கண்காணிப்புக் கேமராவின் பதிவு அழிந்துவிட்டது என்கிறது நிர்வாகம். என் இழப்பீட்டு வழக்கு இத்துடன் முடிந்ததா?

பதில்: முடியவில்லை. இத்தகைய கருவிகளில் சேமிப்பிடம் நிரம்பியதும் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும் என்பதால், அந்தக் காட்சி தேவைப்படும் என்பது நிர்வாகத்துக்கு முன்பே தெரிந்திருந்ததா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். விபத்தைத் தாங்கள் யாரிடம், எந்தத் தேதியில் எழுத்தில் தெரிவித்தீர்கள் என்பதைத் தேடி எடுங்கள். தெரிந்தும் அழியவிட்டிருந்தால், அது அவர்களுக்குப் பாதகமான காட்சியாகவே இருந்திருக்கும் என்று ஊகிக்கப் பல நாட்டுச் சட்டங்களில் இடமுண்டு. 1722இல் இலண்டனில் புகைபோக்கி துடைக்கும் சிறுவன் ஒருவன் கண்டெடுத்த நகையை மதிப்பிடக் கொடுத்தபோது, பொற்கொல்லரின் கடையில் கற்களைக் கழற்றிக்கொண்டார்கள். கல்லைக் கொண்டுவந்து காட்டாவிட்டால் அது மிக உயர்ந்த தரத்தது என்றே கொண்டு இழப்பீட்டைக் கணக்கிடுமாறு நீதிபதி ஜூரிக்குச் சொன்னார். இந்த ஊகத்துக்கு இன்றும் அந்த வழக்கையே எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனாலும் மருத்துவச் சான்றின் இடத்தை ஊகம் நிரப்பாது. அதைத் தாங்கள்தான் தர வேண்டும்.

கேள்வி: பாரந்தூக்கியின் கொக்கி முறிந்து என் தம்பியின் கை நசுங்கியது. இழப்பீடு தருவதாக ஒப்புக்கொண்ட நிறுவனம், கொக்கியைப் பழைய இரும்போடு போடப் போகிறதாம். தடுக்க வேண்டுமா?

பதில்: இன்றே தடுங்கள். யார்மீது தவறு என்று பாராமல் இழப்பீடு கிடைக்கும் முறை பல இடங்களில் இருப்பதால், உடைந்த பொருளைக் காப்பதில் முதலாளிக்கு அக்கறை இருப்பதில்லை. ஆனால் கொக்கியைச் செய்தவர்மீது தனியே வழக்குத் தொடுக்க வாய்ப்பிருந்தால், அந்த இரும்புத் துண்டுதான் முதல் சாட்சி. உலோகம் நாள்பட்ட சோர்வால், அதாவது சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்கியதில் விரிசல் மெல்ல வளர்ந்து, முறிந்திருந்தால், முறிவுப் பரப்பின் ஒரு பகுதி வழவழப்பாகவும் கடற்கரை மணலில் அலை விட்டுச்சென்ற வரிகளைப் போலவும், கடைசியில் இற்ற பகுதி சொரசொரப்பாகவும் தெரியும். பொருந்துகிறதா என்று இரண்டு துண்டுகளையும் ஒட்டிப் பார்த்தாலே அந்த வரிகள் தேய்ந்துவிடும். எண்ணெய் பூசுவதும் துடைப்பதும் கூடாது. கொக்கி, சங்கிலி, பராமரிப்புப் பதிவேடு ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றை அப்படியே பாதுகாக்கக் கோரும் கடிதத்தை ஒப்புகையுடன் அனுப்புங்கள். பொத்தாம்பொதுவாக "எல்லாச் சான்றுகளையும்" என்று எழுதிய கடிதங்கள் பயன்படாமல் போவதைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன்.

கேள்வி: காயத்துக்குப் பின் ஒரு விழாவில் எடுத்த படங்களை என் சமூக வலைத்தளப் பக்கத்திலிருந்து நீக்கிவிடலாமா?

பதில்: கூடாது. அதே ஊகம் தங்கள்மீதும் திரும்பும். ஏற்கெனவே நீக்கியிருந்தால், வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: நான் மேற்பார்வையாளர். விபத்துப் பதிவேட்டில் நான் எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதச் சொல்கிறார்கள்.

பதில்: கிழிக்காதீர்கள். உண்மையிலேயே பிழை இருந்தால், பழைய எழுத்து தெரியும்படி ஒற்றைக் கோடிட்டு, அருகில் திருத்தத்தை எழுதித் தேதியுடன் கையொப்பமிடுங்கள். பிழை இல்லையென்றால், அந்தப் பக்கத்தில் தங்கள் பேனா படவே வேண்டாம்.