பத்து கிலோமீட்டரா, பத்தேகாலா?

கேள்வி: எங்கள் ஓட்டக் குழு பத்து கிலோமீட்டர் பந்தயம் நடத்தியது. பைக் மீட்டர் பார்த்துத்தான் பாதையை அளந்தோம். ஓடி முடித்தவர்களின் வாட்ச் ஒருவருக்கு 10.12 காட்டுகிறது, இன்னொருவருக்கு 10.26. வாட்ஸ்ஆப் குழுவில் ஒரே சண்டை. துல்லியமாக அளக்க எந்த ஆப் நல்லது?
– வாசகர், ஈரோடு

பதில்: எந்த ஆப்பும் உதவாது, கோபிக்காதீர்கள். வாட்ச் சில மீட்டர் தள்ளித் தள்ளிப் புள்ளி வைத்து அவற்றைக் கோடாக இணைக்கிறது. அந்தக் கோணல்மாணலில் தூரம் கூடத்தான் செய்யும். போதாததற்கு ஓடுகிறவரும் வளைவில் வெளிப்பக்கம் போவார், தண்ணீர் மேசைக்கு ஒதுங்குவார். பாதையின் நீளம் என்பது, வளைவில் ஓரக்கல்லிலிருந்து 30 செ.மீ. தள்ளி, ஒருவர் ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியின் நீளம். பைக் மீட்டரோ நூறு மீட்டருக்குக் கீழே வாயே திறக்காது.

இன்றைக்கும் உலகம் முழுக்க இதற்குச் சைக்கிள்தான். பிரிட்டனில் ஜான் ஜூவல் 1961இல் எழுதிவைத்த முறை அது. 1971இல் அமெரிக்காவில் ஆலன் ஜோன்ஸும் அவர் மகன் கிளெய்னும் முன்சக்கரத்தில் மாட்டும் சின்னக் கவுண்டர் ஒன்றைச் செய்தார்கள். ஜோன்ஸ் கவுண்டர் என்றே பெயர். சக்கரம் ஒரு சுற்று வர இருபதுக்கு மேல் எண் ஓடும், ஓர் எண்ணுக்குச் சுமார் ஒன்பது செ.மீ. கம்ப்யூட்டருக்கு வேலை அதற்குப் பிறகுதான். எக்ஸெல் போதும். நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்ற எனக்கே அது வசப்பட்டுவிட்டது.

என் நோட்டிலிருந்து ஒரு காலை: எஃகு டேப்பால் 300 மீட்டர் நேர்க்கோடு அளந்து, அதன்மேல் நான்கு முறை சைக்கிள் ஓட்டினேன். 3377, 3376, 3377, 3378. சராசரி 3377. கிலோமீட்டருக்கு 11,256.7 எண். இதை 1.001 ஆல் பெருக்கினால் 11,267.9. இதுதான் மாறிலி: கவுண்டரில் இத்தனை எண் ஓடினால் ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு. எந்தக் காரணத்தாலும் பாதை குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்தில் ஒரு பங்கு சேர்ப்பதுதான் அந்த 1.001.

ஏன் இவ்வளவு பயம்? 1981 நியூயார்க் மாரத்தானில் அல்பெர்ட்டோ சலாசார் 2:08:13இல் ஓடி, டெரிக் கிளேட்டனின் 1969ஆம் ஆண்டு உலகச் சாதனை நேரத்தைச் சுமார் 20 வினாடியில் முந்தினார். பின்னால் மறுபடி அளந்தபோது பாதை சுமார் 148 மீட்டர் குறைவு. அவர் வேகத்துக்கு அது 27 வினாடி. சாதனை போயிற்று. (கிளேட்டன் ஓடிய ஆன்ட்வெர்ப் பாதையின் மீதும் சந்தேகம் உண்டு. அது வேறு கதை.)

பாதையை அளந்து முடித்துத் திரும்பி வந்து அதே 300 மீட்டரை மீண்டும் நான்கு முறை ஓட்டினேன். 3373, 3374, 3372, 3373. வெயில் ஏறியதில் டயருக்குள் காற்று விரிந்து சக்கரம் துளி பெரிதாகிவிட்டது, எண் குறைந்துவிட்டது. மாறிலி இப்போது 11,254.6. பத்து கிலோமீட்டருக்கு 133 எண் வித்தியாசம், ஏறக்குறைய 12 மீட்டர். பசி எடுக்கிறதென்று இந்தக் கடைசி நான்கு ஓட்டத்தை விட்டுவிடாதீர்கள். இரண்டில் பெரிய மாறிலியை எடுப்பது என் வழக்கம். பாதை கூடினாலும் குறையாது.

கேள்வி: நீங்கள் சொன்ன மாதிரியே கூகுள் ஷீட்ஸில் தாள் தயாரித்தேன். ஏழு கிலோமீட்டர் வரை சரியாக வந்தது. எட்டாவதில் தூரம் மைனஸ் 0.87 என்கிறது! கவுண்டரை 14,250இல் தொடங்கினேன்.
– வாசகி, திருநெல்வேலி

பதில்: கவுண்டர் ஐந்து இலக்கம்தானே? 99,999 தாண்டியதும் அது பூஜ்யத்துக்குப் போய்விட்டது. எட்டாவது கிலோமீட்டரில் 4,393 என்று எழுதியிருப்பீர்கள். தாள் அதிலிருந்து 14,250ஐக் கழித்திருக்கிறது, பாவம், அதற்கு என்ன தெரியும்!

அந்த 4,393ஐ 1,04,393 என்று திருத்திவிடாதீர்கள். கவுண்டரில் கண்டதை அப்படியே ஒரு பத்தியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். பக்கத்தில் இன்னொரு பத்தி: இந்தப் பத்தியின் முந்தைய எண்ணைவிடக் குறைந்தால் ஒரு லட்சம் கூட்டு. கணக்கெல்லாம் அந்தப் பத்தியில் நடக்கட்டும். நாளை வேறொருவர் சரிபார்க்க உட்கார்ந்தால் அவருக்கு வேண்டியது நீங்கள் ரோட்டில் பார்த்த எண்.

பத்தித் தலைப்பையும் முழுசாக எழுதுங்கள். வெறுமனே ‘மாறிலி’ என்று எழுதி நான் பட்டிருக்கிறேன். 1.001 சேர்ந்த எண் அது. மூன்று மாதம் கழித்து, சேராதது என்று நினைத்து மறுபடி பெருக்கிவிட்டேன். பத்து கிலோமீட்டரில் பத்து மீட்டர் தெண்டமாகக் கூடியது. ஓடியவர்கள் யாருக்கும் தெரியாது. இப்போது சொல்லிவிட்டேன்.

கேள்வி: டேப் வெப்பத் திருத்தம் பற்றி. 33 டிகிரி என்று போட்டால் என் தாள் 300 மீட்டரை 299.955 ஆக்குகிறது. சரியா?
– வாசகர், மதுரை

பதில்: அளவு சரி, திசை தப்பு. டேப் 20 டிகிரிக்குச் செய்தது. 13 டிகிரி கூடினால் 300 மீட்டருக்கு 13 × 0.0000116 × 300, அதாவது நாலரை செ.மீ. நீளும். நீண்ட டேப் 300 என்று காட்டும் இடம் உண்மையில் 300.045. கூட்ட வேண்டியதைக் கழித்திருக்கிறீர்கள். மாரத்தானுக்கு இந்தப் பிழை 12 மீட்டருக்கு மேல் போகும். உங்கள் விஷயத்தில் பாதை நீண்டிருக்கும், அந்தவரை தப்பித்தீர்கள். அந்த 33ஐ வானிலை ஆப்பில் பார்த்தீர்களா? தார் ரோட்டில் கிடக்கும் டேப்பின் சூடு அதைவிட அதிகம். தெர்மாமீட்டரை டேப்பின் பக்கத்திலேயே வையுங்கள்.

கேள்வி: அறிக்கையில் என்னவெல்லாம் போட வேண்டும்? நோட்டில் எழுதாமல் நேரே போனில் ஏற்றிவிடலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பென்சிலும் நோட்டும்தான். வியர்த்த விரலுக்குப் போன் 3 என்றால் 6 என்று எடுத்துக்கொள்ளும். சாயங்காலம் உட்கார்ந்து தாளில் ஏற்றுங்கள். நோட்டுப் பக்கத்தின் போட்டோவையும் அறிக்கையோடு சேருங்கள்.

அளந்த தேதி, டேப்பின் வெப்பம், எட்டு ஓட்டங்களின் எண்கள், சாலையில் எந்தப் பக்கம் போனீர்கள் என்று காட்டும் கைவரைபடம் எல்லாம் வேண்டும். சாதனைக்கு ஏற்ற பாதை என்றால் தொடக்கத்தின் உயரம் முடிவைவிடக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. இரண்டுக்கும் நேர்க்கோட்டுத் தூரம் பந்தய நீளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

தொடக்கத்துக்கும் முடிவுக்கும் அடையாளமாக ஆணி அடித்த இடத்தைக் கவனமாக எழுதுங்கள். ‘பாலத்துக் கைப்பிடிச் சுவரின் தென்முனையிலிருந்து கிழக்கே 2.40 மீட்டர்’ என்கிற மாதிரி. நான் ஒருமுறை ‘டீக்கடைப் பந்தல் கம்பத்துக்கு நேர் எதிரே’ என்று எழுதிவைத்தேன். மறு வருஷம் போனால் கடை எதிர்ச்சாரிக்கு மாறியிருந்தது. நல்ல டீதான், ஆனால் ஆணியைத் தேட அரைநாள் ஆயிற்று.