நோயின் பெயரை நீக்க 3,000 ரூபாயா?

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "கணவர் இறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. என்ன நோய் என்று சொந்தக்காரர்களுக்குக்கூடச் சொல்லவில்லை. இப்போது மகளுக்கு வரன் பார்க்கிறோம். 'இறப்புச் சான்றிதழை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாப்பிள்ளை வீட்டில் கண்டுபிடித்துவிடுவார்கள், 3,000 கொடுங்கள், பதிவில் நோயின் பெயரை எடுத்துவிடுகிறேன்' என்கிறார் தாலுகா ஆபீஸ் பக்கம் ஒருவர். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள் அம்மா. வீட்டில் இருக்கும் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பெயர், இறந்த தேதி, இடம், பெற்றோர் பெயர், முகவரி இருக்கும். நோய் இருக்காது. இல்லாததை நீக்கத்தான் அந்த ஆள் பணம் கேட்கிறார். பதிவேட்டில் உள்ளதையும் அவரால் தொட முடியாது. பிழை இருந்தால் பதிவாளரே ஓரத்தில் குறிப்பு எழுதித்தான் திருத்துவார், பழைய எழுத்தை அழிக்க மாட்டார்.

யார் வேண்டுமானாலும் சான்றிதழ் வாங்கலாம் என்பது மட்டும் உண்மை. 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 17-ஆம் பிரிவு. ஆனால் மரணக் காரணத்தை அதில் காட்டக் கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. அந்தக் காலத்தில் ஆபீசுக்கு அலைந்து, தடித்த பதிவேட்டைப் புரட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். அந்த அலைச்சலே ஒரு காவலாக இருந்தது. இன்று எல்லாம் கம்ப்யூட்டரில். 2023-இல் சட்டத்தைத் திருத்தியவர்கள், 'உங்களுக்கு எதற்கு?' என்று ஒரு வார்த்தை கேட்க வழி செய்திருக்கலாம். செய்யவில்லை. எனக்கு அதில் ஆறாத வருத்தம்.

நீங்கள் பயப்பட வேண்டியது வேறு ஒரு தாளுக்கு. டாக்டர் எழுதிக் கொடுக்கும் மரணக் காரணச் சான்று. 2023 அக்டோபர் 1 முதல் அதன் நகலை நெருங்கிய உறவினருக்கும் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். நோயின் பெயர் இருப்பது அதில்தான். நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? மஞ்சப்பையில் இருக்கும் எல்லாத் தாளையும் ஜெராக்ஸ் கடையில் அப்படியே கொட்டுகிறார்கள். ஒரு கடையில் முந்தைய ஆளின் ஸ்கேன் திரையில் திறந்தே கிடந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன், நோயின் பெயரோடு. வாரிசு சான்றிதழுக்கு இறப்புச் சான்றிதழ் போதும், டாக்டர் சான்று தேவையே இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனி கேட்டால் அவர்களிடம் மட்டும் நேரில் கொடுங்கள். கடையில் ஸ்கேன் எடுத்தால், பக்கத்தில் நின்று ஃபைலையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியதையும் அழிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், அந்த நபரிடம் ஏதாவது தாள் கொடுத்து வைத்திருந்தால் இன்றே போய் வாங்கிவிடுங்கள். டாக்டர் சான்று அதில் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள்.