பெரிம்பாவும் மின் கிதாரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எதிர்க்கலாச்சாரம், அதாவது 1960களின் ஹிப்பி இளைஞர்களின் கலகம், பற்றிய உங்கள் கட்டுரையில் எனக்கு உடன்பாடில்லை. அது அமெரிக்காவில் வயிறு நிறைந்த வீட்டுப் பிள்ளைகள் ஆடிய ஆட்டம். அடிமைப்பட்டு மீண்ட நாடுகளின் கதை வேறு. மொழி, இசை, உடை என்று மிச்சமிருப்பதைக் காப்பாற்றுவதே அங்கே பெரும்பாடு. அந்த இடத்தில் இளைஞர்கள் வெளிநாட்டுக் கிதாரையும் நீண்ட முடியையும் எடுத்துக்கொண்டு கலகம் செய்வது, சொந்த அடையாளத்தின் வேரில் வெந்நீர் ஊற்றுவது ஆகாதா?

தங்கள் வாசகர், தஞ்சாவூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

வயிறு நிறைந்தவர்கள் என்று நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. 1967 கோடையில் சான் ஃபிரான்சிஸ்கோவில் வந்து குவிந்தவர்களில் பெரும்பாலோர் நடுத்தர வர்க்கத்து வெள்ளைப் பிள்ளைகள்தான். விட்டுவிட்டு வர அவர்களுக்கு ஒரு வீடு இருந்தது. ஆனால் உங்கள் கேள்வியை அதே ஆண்டு பிரேசிலில் கேட்டார்கள். கேட்டதோடு நிற்காமல் ஊர்வலமே போனார்கள்.

1967 ஜூலை 17, சாவ் பாவ்லோ நகரம். மின் கிதாருக்கு எதிரான ஊர்வலம் அது. முன்னால் நடந்தவர் புகழ்பெற்ற பாடகி எலிஸ் ரெஜினா. அவர்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்கிவிட முடியாது. 1964-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அமெரிக்கா அதற்குத் துணை நின்றது. மின் கிதாரும் அதே அமெரிக்காவின் கைதான் என்று பலர் நினைத்தார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது. உங்கள் அச்சத்திலும் இருக்கிறது.

அந்த ஊர்வலத்தை ஒரு விடுதி ஜன்னலிலிருந்து இரண்டு பாடகர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கயெத்தானோ வெலோசோ, மற்றவர் நாரா லியாவ். நாராவும் ராணுவ ஆட்சியை எதிர்த்துப் பாடியவர்தான். ஆனால் கீழே நடப்பது 1930களின் பிரேசில் பாசிஸ்டுகளின் ஊர்வலம் போல இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. வெலோசோ பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார்.

அன்று ஊர்வலத்தில் நடந்தவர்களில் ஒருவர் ஜில்பெர்த்தோ ஜில், பாஹியாவின் கறுப்பினப் பாடகர். மூன்றே மாதத்தில், அக்டோபரில், தொலைக்காட்சிப் பாட்டு விழா மேடையில் அவரே மின் கிதார் ஒலிக்க வந்து நின்று பாடினார். உடன் வாசித்தவர்கள் ஊ முட்டாந்திஸ் என்ற ராக் குழுவின் இளைஞர்கள். அதே மேடையில் பெரிம்பாவும் ஒலித்தது.

என் பதில் அந்தப் பெரிம்பாவில்தான் இருக்கிறது. ஒரு வில், ஒற்றைக் கம்பி, அடியில் ஒரு சுரைக்குடுக்கை. குடுக்கையின் வாயை வயிற்றில் அழுத்தியும் விலக்கியும் மெல்லிய குச்சியால் கம்பியைத் தட்டுவார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழியாக வந்த வாத்தியம் இது. சண்டையும் நடனமும் கலந்த கப்போயிரா ஆட்டம் இதன் தாளத்துக்குத்தான் நடக்கும். பிரேசிலின் அடையாளம் என்று இன்று எல்லோரும் கொண்டாடும் அதே கப்போயிராவை 1890-ல் அந்நாட்டுச் சட்டம் குற்றம் என்றது. தெருவில் ஆடினால் சிறை. 1930களில்தான் தடை விலகியது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஒற்றைக் கம்பியைப் பழைய கார் டயரை அறுத்து உள்ளிருந்து உருவி எடுப்பார்கள். மண்ணின் வாத்தியம் என்கிறோமே, அதன் நரம்பு தொழிற்சாலையிலிருந்து வருகிறது. இதில் எனக்குக் குறையாக எதுவும் தெரியவில்லை. கைக்குக் கிடைத்ததை எடுத்துத் தன் தாளத்துக்குப் பழக்குகிற இந்தத் தெம்பைத்தான் நான் அடையாளம் என்கிறேன்.

பிரேசில் கவிஞர் ஓஸ்வால்டு டி ஆந்திராடே 1928-லேயே இதை முரட்டுத்தனமாகச் சொன்னார். ஐரோப்பாவைப் பார்த்து ஆடவும் வேண்டாம், கதவைச் சாத்தவும் வேண்டாம், அதைத் தின்று செரித்துவிடுவோம் என்பது அவருடைய 'நரமாமிச' அறிக்கையின் சாரம். ஜில்லும் வெலோசோவும் தொடங்கிய த்ரோப்பிக்காலியா என்ற இசை இயக்கம் அதைத்தான் கையில் எடுத்தது.

அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. 1968 செப்டம்பரில் வெலோசோ பளபளக்கும் பிளாஸ்டிக் உடையில் மேடையேறினார். இடதுசாரி மாணவர்கள் கூச்சலிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். உடன் வாசித்த இளைஞர்கள் தாங்களும் அரங்குக்கு முதுகைக் காட்டியபடி வாசித்தார்கள். ஆட்சியைப் பிடிக்கப்போகும் இளைஞர்கள் நீங்கள்தானா என்று வெலோசோ கத்தினார். அந்த டிசம்பர் முடிவதற்குள் ராணுவம் அவரையும் ஜில்லையும் கைது செய்தது. தேசிய கீதத்தையும் கொடியையும் அவமதித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ஒரு பக்கம் அந்நியக் கைக்கூலி, இன்னொரு பக்கம் தேச அவமதிப்பு! அடையாளத்தைக் காப்பாற்றுகிறோம் என்ற இரண்டு தரப்புக்கும் நடுவில் சிக்கினார்கள். சிறையில் தலைமுடியை மழித்துவிட்டார்கள். பிறகு நாட்டைவிட்டே போகச் சொன்னார்கள். 1972 வரை லண்டனில் இருந்தார்கள்.

நீண்ட முடி என்றீர்களே, அதற்கு ஜமைக்காவைப் பாருங்கள். அங்கே சடை வளர்த்தவர்கள் ராஸ்தாஃபாரி சமயத்தவர்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் இல்லை, பெரும்பாலும் ஏழைகள். கறுப்பின மக்களின் அரசர் லண்டனில் இல்லை, எத்தியோப்பியாவில் இருக்கிறார் என்று பேசியதற்காக அந்தச் சமயத்தின் முன்னோடி லியோனார்டு ஹாவெல் 1934-ல் ராஜத்துரோகக் குற்றத்தில் சிறை போனார். 1962-ல் சுதந்திரம் வந்தது. மறு ஆண்டே, கோரல் கார்டன்ஸ் என்ற இடத்தில் சில ராஸ்தாஃபாரிகளுக்கும் காவல்துறைக்கும் நடந்த மோதலுக்குப் பிறகு, சம்பந்தமில்லாத ராஸ்தாஃபாரிகளையும் பிடித்து அடித்தார்கள், சடையை வலுக்கட்டாயமாக வெட்டினார்கள். இதைச் செய்தது வெள்ளை அரசு இல்லை, சொந்த அரசு. 2017-ல்தான் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அந்தச் சடைக்காரர்கள் யாரிடமிருந்து எதை இறக்குமதி செய்தார்கள், சொல்லுங்கள்?

நேரம் கிடைத்தால் ஜில்லின் அந்த 1967 மேடையைப் பாருங்கள், ஒளிப்பதிவு இருக்கிறது. குடுக்கையும் கிதாரும் பக்கத்தில் பக்கத்தில் ஒலிக்கும்போது ஜில்லின் முகத்தைக் கவனியுங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள். அப்போதும் எனக்கு மறுப்புச் சொல்லத் தோன்றினால், சரி, பேசுவோம்.

அன்புடன்