ஓராண்டு உயிரியல் வேலை: கையெழுத்துப் போடும் முன்

தம்பி, எஃப்-1 மாணவர் விசாவில் முனைவர் பட்டம் முடிக்கப் போகிறீர்கள், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், இளங்கலைப் படிப்பையே மையமாகக் கொண்ட ஒரு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் ஓராண்டுக்கு மட்டும் உயிரியல் கற்பிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், போகலாமா இல்லை போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வு வேலை) பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பாடம் நடத்துவதில் உண்மையிலேயே ஆசை இருந்தால் போங்கள். நானும் இப்படித் தற்காலிக ஒப்பந்தத்தில், விசிட்டிங் அசிஸ்டன்ட் புரொபசராகத்தான் நுழைந்தேன். இப்போது வேறொரு கல்லூரியில் நிரந்தரம்.

வீட்டில் "ஏன், யுனிவர்சிட்டி கிடைக்கலையா?" என்று கேட்பார்கள். கவலைப்படாதீர்கள். கிரிஸ்பர் என்னும் மரபணுத் திருத்த ஆய்வுக்கு நோபல் பெற்ற ஜெனிஃபர் டௌட்னா இளங்கலை படித்தது இதே மாதிரி லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியான பொமோனாவில். 1989-ல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்ட தாமஸ் செக் படித்தது, நீங்கள் போகும் அதே அயோவாவில் இருக்கும் கிரின்னெல்லில். இந்தக் கல்லூரிகளில் பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர்களே கிடையாது. பேராசிரியரே பக்கத்தில் நின்று லேபில் சொல்லித் தருவார். மாணவர்களுக்கு அது பெரிய வரம், உங்களுக்கு வேலை கூடுவதும் அதனால்தான்.

ஆகவே சம்பளத்துக்கு முன்னால் லேப் கணக்கைக் கேளுங்கள். "செமஸ்டருக்கு மூன்று" என்றால் மூன்று பாடமா, லேப் பிரிவுகளையும் சேர்த்து மூன்றா? அறிமுக உயிரியலில் இரண்டு லேப் பிரிவு உங்கள் தலையில் விழுந்தால், வாரத்தில் இரண்டு மதியம் மும்மூன்று மணி நேரம் நின்றபடியே போய்விடும். பெரிய பல்கலைக்கழகத்தில் டி.ஏ. (பேராசிரியருக்கு உதவும் ஆராய்ச்சி மாணவர்) செய்வதையெல்லாம் இங்கே நீங்கள்தான் செய்வீர்கள். வெங்காய வேர்நுனியை அமிலத்தில் ஊறவைத்து, சாயமேற்றி, கவர் ஸ்லிப்பைக் கட்டைவிரலால் நேராக அழுத்த வேண்டும். விரல் கொஞ்சம் வழுக்கினாலும் செல்கள் சுருண்டுவிடும். எல்லோரும் குரோமோசோமைப் பார்க்கும் வரை மேசை மேசையாகப் போவீர்கள். யாராவது ஒரு பெண் குரோமோசோம்கள் இருபுறமும் பிரியும் அனாஃபேஸ் நிலையைக் கண்டுபிடித்துப் பக்கத்து மேசையையும் கூப்பிடுவாள் பாருங்கள், அதற்காகவே நான் இந்த வேலையில் இருக்கிறேன். நுண்ணுயிர் வளர்க்கும் அகார் தட்டுகளை ஊற்றவும் பழ ஈ வளர்க்கவும் தனியாக ஆள் உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். அதைப் பொறுத்துத்தான் உங்கள் ஞாயிற்றுக்கிழமை.

விசா விஷயம். பட்டத்துக்குப் பிறகு ஓ.பி.டி. என்னும் வேலை அனுமதி 12 மாதம் கிடைக்கும், ஓராண்டு வேலைக்கு அது போதும். ஒப்பந்தத்தை நீட்டினால் அறிவியல், தொழில்நுட்பப் பட்டங்களுக்கான 24 மாத ஸ்டெம் நீட்டிப்பு வேண்டியிருக்கும். அதற்குக் கல்லூரி, வேலை அனுமதியைச் சரிபார்க்கும் அரசின் ஈ-வெரிஃபையில் பதிந்திருக்க வேண்டும். பதிந்திருக்கிறதா என்று இப்போதே எழுதிக் கேளுங்கள். லாப நோக்கமற்ற கல்லூரி மூலம் வரும் எச்-1பி வேலை விசாவுக்குக் குலுக்கல் கிடையாது. ஆனால் அங்கிருந்து கம்பெனி வேலைக்குப் போக நினைத்தால் குலுக்கலுக்குள் வந்தாக வேண்டும்.

அப்புறம், இதுதான் முக்கியம். வகுப்பு ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும். அடுத்த ஆண்டின் டெனியூர் டிராக் (பின்னால் நிரந்தரமாகக்கூடிய) வேலைகளுக்குப் பல இடங்களில் செப்டம்பர், அக்டோபரிலேயே கெடு முடிந்துவிடும். பெட்டியைப் பிரிக்கும்போதே அடுத்த வேலை தேட வேண்டிய நிலை. அதனால் எப்படிக் கற்பிப்பீர்கள் என்று விளக்கும் கற்பித்தல் அறிக்கையைக் கோடையிலேயே எழுதி முடியுங்கள். முதல் மாதமே துறைத் தலைவரை உங்கள் வகுப்பில் வந்து உட்காரச் சொல்லுங்கள். நேரில் பார்த்து எழுதும் பரிந்துரைக் கடிதத்துக்குத் தனி மதிப்பு உண்டு. வசந்த செமஸ்டரில் இளங்கலையின் பிந்தைய ஆண்டுகளுக்கான, உங்களுக்குப் பிடித்த பாடம் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். "இங்கேயே நிரந்தரமாக்கிவிடலாம்" என்று யாராவது அன்பாகச் சொன்னால் நன்றி சொல்லுங்கள், அதை நம்பி விண்ணப்பங்களை நிறுத்தாதீர்கள். நிரந்தர இடம் என்றால் நாடு முழுக்க விளம்பரம் போட்டுத்தான் எடுப்பார்கள்.

மருத்துவக் காப்பீடு எந்த மாதத்தோடு முடிகிறது, சம்பளத்தை 9 மாதமாகப் பிரிக்கிறார்களா 12 மாதமாகவா என்பதையும் பாருங்கள். சின்ன ஊர் என்றால் கார் இல்லாமல் முடியாது. ஒப்பந்தம் கைக்கு வந்ததும் பாடங்களும் லேபும் எழுதியிருக்கும் பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.