90 செ.மீ. மண்ணை விட 60 செ.மீ. மண் பழையதா?

பழைய கடல்மட்டத்தை அறிய உவர்ச்சதுப்பில் (கடலோர உப்புநீர்ச் சேற்றுநிலத்தில்) எடுத்த மண்தூணில் 60 செ.மீ. ஆழத்து மண்ணுக்கு, அதற்கும் கீழே 90 செ.மீ. ஆழத்தில் இருக்கும் மண்ணை விட அதிக வயது வந்திருக்கிறது, ஆய்வகத் தவறா என்று கேட்டிருந்தீர்கள். முதலில், எதை அனுப்பினீர்கள் என்று பாருங்கள். மொத்தச் சேறு என்றால் அலை அடித்துவந்த பழைய கரிமமும் அதில் கலந்திருக்கும், வயது கூடித்தான் காட்டும். வேரோ மேலிருந்து இறங்கியது, வயதைக் குறைத்துவிடும். சேற்றைச் சல்லடையில் அலசி, நுண்ணோக்கியில் தேடுங்கள். படுக்கைவாட்டில் தட்டையாகிக் கிடக்கும் பழுப்புத் தண்டோ இலைத் துணுக்கோ கிடைத்தால் அதுதான் பொன். அதற்கு கார்பன்-14 (கதிரியக்கக் கரிமம்) வயது எடுங்கள். மேலடுக்குகளுக்கு, காலப்போக்கில் சிதைந்து குறையும் ஈயம்-210, அப்புறம் அணுகுண்டுச் சோதனைகளால் 1963ஐ ஒட்டிப் படிந்த சீசியம்-137 உச்சம் கைகொடுக்கும்.

வயது சரியானாலும், சேறு அமுங்கியிருந்தால் பழைய கடல்மட்டம் இருந்ததை விடத் தாழ்ந்து தெரியும். அடியிலுள்ள கெட்டித் தரை அவ்வளவாக அமுங்காது, அதனால் அதை ஒட்டியும் ஒரு மாதிரி எடுத்துவிடுங்கள். தூண் வீணாகவில்லை, கவலை வேண்டாம்.